சுகர் வந்தபின் டயட்டீஷியன் ஆகலாமா?

வாசகர் கேள்வி–பதில்

உடம்புக்கு ஒன்று வந்து, சாப்பாட்டை மாற்றித் தேறியவர்களில் பலருக்கு இதையே தொழிலாக எடுத்துப் படித்தால் என்ன என்று தோன்றுகிறது. சாப்பாட்டோடு வாழ்க்கைமுறையையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன்’ படிப்புகளின் விளம்பரங்களும் அவர்களைத்தான் குறிவைக்கின்றன. அப்படி வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதியவர்கள் மருத்துவமனை உணவியல் பிரிவிலும் கற்பிக்கும் பணியிலும் இருப்பவர்கள்.

வயது 34. பி.காம். முடித்து ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.9. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்து, மெட்ஃபார்மினும் எடுத்து இப்போது 6.1. என்னைப் போன்றவர்களுக்கு வழிகாட்ட ஆசை. ஆறு மாத ஆன்லைன் ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் படிப்பில் சேர்ந்து, வேலையை விட்டுவிடலாமா?
– வாசகி, ஓசூர்

படிப்பில் சேருங்கள். வேலையை மட்டும் இப்போது விடாதீர்கள்.

முதலில் அந்தச் சான்றிதழ் என்ன தரும், என்ன தராது என்று பார்த்துவிடலாம். தூக்கம், மன அழுத்தம், சாப்பிடும் நேரம், பசிக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசம், ஒரு பழக்கத்தை எப்படி மெதுவாக மாற்றுவது போன்றவற்றை இத்தகைய படிப்புகளில் சில நன்றாகவே சொல்லித் தருகின்றன. மருத்துவமனை டயட்டீஷியன்கள் அவசரத்தில் விட்டுவிடும் பகுதி இது. ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. அதை வைத்து மருத்துவமனையில் டயட்டீஷியன் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. இந்திய டயட்டெட்டிக் சங்கம் நடத்தும் ‘ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்’ தேர்வுக்கும் உட்கார முடியாது.

நேரக் கணக்கைப் பாருங்கள். வாரம் நான்கு மணி நேர வகுப்பு என்றால் ஆறு மாதத்தில் சுமார் 100 மணி நேரம். 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் இணை சுகாதாரத் தொழிலருக்கான படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம். சுகாதாரத் தொழிலருக்கு 3,600 மணி நேரம். இந்த வித்தியாசத்தில்தான் உயிர்வேதியியலும், மருந்துகளும், வார்டு அனுபவமும் இருக்கின்றன.

உங்கள் 6.1 பற்றியும் ஒரு வார்த்தை. அருமையான கட்டுப்பாடு, பாராட்டுகள். ஆனால் இதற்கு ‘ரிவர்சல்’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். 2021-இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறைப்படி, சர்க்கரை மருந்துகளை முழுக்க நிறுத்தி மூன்று மாதமாவது ஆனபின்னும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அது ‘ரெமிஷன்’, அதாவது நோய் அடங்கிய நிலை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் முதலில் எல்லாச் சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்தி, நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே தரும் பானங்களை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு ரெமிஷன் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 ஆனது. அவ்வளவு கண்காணிப்பிலும் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களிலும் சிலருக்கு நிலைக்கவில்லை. உங்களுக்கு நடந்தது உங்கள் உடம்பைப் பற்றிய தகவல். நாளை எதிரே உட்காருபவருக்குக் கணையம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. நோயிலிருந்து தேறி இந்தத் துறைக்கு வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுவே: ‘நான் செய்தேன், உங்களாலும் முடியும்’ என்ற பேச்சு.

முறையான பாதை எவ்வளவு நீளம்? பி.எஸ்சி. ஊட்டச்சத்து மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, மருத்துவமனை இன்டர்ன்ஷிப் ஆறு மாதம். பி.காம். பட்டத்தை வைத்து எம்.எஸ்சி.யில் நேரடியாக நுழைய முடியாது. ஆக ஐந்தரை ஆண்டு. முடிக்கும்போது உங்களுக்கு 40 வயது நெருங்கியிருக்கும். இது முடியாத காரியம் அல்ல. ஆனால் இந்தக் கணக்கைக் கணவரோடும் வீட்டுப் பெரியவர்களோடும் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. மருத்துவமனைச் சமையலறை என்பது பாதி கணக்கு வேலை. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, ஸ்டோரில் பருப்பு எத்தனை நாளுக்கு இருக்கிறது, தட்டில் திரும்பி வரும் மிச்சம் எவ்வளவு என்பதையெல்லாம் கணக்குத் தெரிந்தவர் பார்த்தால் டயட்டீஷியனுக்கு வார்டில் நிற்க நேரம் கிடைக்கும். உங்கள் பட்டத்தோடு ஃபுட் சர்வீஸ் பிரிவில் நுழைந்து, துறையை உள்ளிருந்து பார்த்துவிட்டு, பி.எஸ்சி. வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

எந்தப் படிப்புக்குப் பணம் கட்டும் முன்பும் மின்னஞ்சலில், எழுத்து வடிவில் பதில் கேளுங்கள்: பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? மருத்துவமனையில் எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில்? சிறுநீரக நோய் உணவும் டியூப் ஃபீடிங்கும் பாடத்தில் உண்டா? பாதியில் விட்டால் பணம் திரும்புமா? போனில் இனிக்க இனிக்கப் பேசுபவர்கள் எழுத்தில் கேட்டதும் மௌனமானால், பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயது 41, மெக்கானிக்கல் இன்ஜினியர். இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். பிளஸ் டூவில் கணிதம்–கம்ப்யூட்டர் பிரிவு, உயிரியல் படிக்கவில்லை. நேரடியாக எம்.எஸ்சி. சேர முடியுமா? தொலைநிலைக் கல்வியில் படித்தால் போதுமா?
– வாசகர், திருச்சி

இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில்.

தொலைநிலையை முதலில் முடித்துவிடுவோம். முன்பு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக டயட்டெட்டிக்ஸ் எம்.எஸ்சி. படித்தவர்கள் நிறைய. அந்தக் கதவை யு.ஜி.சி. மூடிவிட்டது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், கிளினிக்கல் நியூட்ரிஷன் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. இப்போதும் ‘வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. டயட்டெட்டிக்ஸ்’ என்று யாராவது புதுச் சேர்க்கைக்குப் பணம் கேட்டால், விலகிவிடுங்கள்.

எம்.எஸ்சி.க்குப் பொதுவாக மனையியல், ஊட்டச்சத்து, உயிர்வேதியியல், விலங்கியல், செவிலியர் போன்ற பட்டங்களைத்தான் ஏற்கிறார்கள். பி.இ. அந்தப் பட்டியலில் வராது. அப்படியானால் பி.எஸ்சி.தான். அதற்கு உயிரியல் கேட்கும் கல்லூரிகள் உண்டு, வேதியியல் இருந்தாலே போதும் என்பவையும் உண்டு. கணிதப் பிரிவில் வேதியியல் படித்திருப்பீர்கள், ஆகவே இரண்டாம் வகையை முதலில் தேடுங்கள்.

உயிரியல் கட்டாயம் என்றால் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ‘பார்ட் அட்மிஷன்’ வசதி இருக்கிறது. ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவர் ஒன்று முதல் நான்கு பாடங்களை மட்டும் தனியாக எழுதலாம். உயிரியலின் பாட எண் 314, மனையியல் 321. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பெண், செய்முறைத் தேர்வு தனி. பலர் கோட்டைவிடுவது செய்முறையில்தான். படிப்பு மையத்துக்கு நேரில் போகாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரியங்களின் மதிப்பெண்களைச் சேர்த்து ஏற்பீர்களா என்று கல்லூரியிடம் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். கேட்காமல் எழுதினால் ஒரு வருடம் போய்விடும்.

உங்களுக்கு வேறு இரண்டு தடைகளும் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இளநிலைச் சேர்க்கைக்கு வயது வரம்பு இருக்கிறது. இந்தத் துறையில் பெயர் பெற்ற கோவை அவினாசிலிங்கம், சென்னையில் டபிள்யூ.சி.சி., எத்திராஜ், ராணி மேரி எல்லாம் பெண்களுக்கானவை. ஆண்கள் கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இருபாலர் நிறுவனங்களைப் பார்க்க வேண்டும். வயதை முதல் போன் அழைப்பிலேயே சொல்லிக் கேளுங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து 9 வருட வார்டு அனுபவம். ஹைப்போதைராய்டு, பி.சி.ஓ.எஸ். இரண்டும் எனக்கு உண்டு. ஊட்டச்சத்தில் எம்.எஸ்சி. படிக்கவா, இயற்கை மருத்துவம் படிக்கவா?
– வாசகி, மதுரை

இந்த இதழில் கேள்வி கேட்டவர்களில் பாதி தூரம் ஏற்கெனவே நடந்துவிட்டவர் நீங்கள்தான். எம்.எஸ்சி. படியுங்கள், நர்சிங் பட்டத்தை ஏற்கும் கல்லூரிகள் இருக்கின்றன. இயற்கை மருத்துவம், அதாவது பி.என்.ஒய்.எஸ்., பிளஸ் டூவிலிருந்து தொடங்கும் ஐந்தரை ஆண்டு மருத்துவப் பட்டம். அதில் உணவு ஒரு பகுதி மட்டுமே. உங்கள் 9 வருடத்தை அங்கே யாரும் கழித்துத் தர மாட்டார்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (ஐ.சி.எம்.ஆர்.–என்.ஐ.என்.) நுழைவுத் தேர்வு வைத்து நடத்தும் எம்.எஸ்சி. அப்ளைடு நியூட்ரிஷனையும் பாருங்கள். பொதுச் சுகாதாரம், ஆய்வு பக்கம் போக நினைத்தால் அதற்கு ஈடு குறைவு.

தைராய்டு உங்களுக்கே இருப்பதால் ஒன்று: முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தைராய்டு ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதீர்கள். 5, 10 மில்லிகிராம் பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். டாக்டர் அதை நம்பித் தைராக்ஸின் அளவைக் குறைத்துவிட்டால் சிக்கல். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்வது வழக்கம்.

வேலையை விட்டுப் படிக்க முடிவெடுத்துவிட்டேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது. பண ஏற்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோவை

கல்லூரிக் கட்டணத்தை எல்லோரும் கணக்கில் வைக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது உங்களுக்கு இருப்பது நிறுவனத்தின் குரூப் பாலிசி. ராஜினாமாவோடு அது போய்விடும். பிறகு புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வரும். 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் 36 மாதம். நீங்கள் படிக்கும் காலத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இதைத் தவிர்க்க, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு ‘மைக்ரேஷன்’ கேளுங்கள். குரூப் பாலிசியில் கழித்த காலம் காத்திருப்பில் வரவு வைக்கப்படும். வேலையின் கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஹெச்.ஆரிடம் பாலிசி எண், தொடக்கத் தேதி, உங்கள் பெயர் சேர்ந்த தேதி மூன்றையும் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள்; க்ளெய்ம் நிராகரிக்கப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று அது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது ஓட்டை, இன்டர்ன்ஷிப். ஆறு மாதமும் முழு நேரம், காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நிற்க வேண்டியிருக்கும், பக்கத்தில் வேறு வேலை பார்க்க முடியாது. உதவித்தொகை தராத மருத்துவமனைகள் உண்டு, உங்களிடமே கட்டணம் வாங்குபவையும் உண்டு. அந்த ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மூன்றாவதாக, உங்கள் மாத்திரை நேரம். பகல் வகுப்பு, மாலை லேப், இடையில் சாப்பாடு தள்ளிப்போகும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையில் இருந்தால் சேரும் முன்பே டாக்டரிடம் புது நேர அட்டவணையைக் காட்டிவிடுங்கள்.

ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் சான்றிதழ் முடித்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் 60 பேருக்கு உணவுத் திட்டம் தருகிறேன். இப்போது இன்சுலின் போடுபவர்களும், சிறுநீரகக் கோளாறால் கிரியாட்டினின் கூடியவர்களும் சேர ஆரம்பித்திருக்கிறார்கள். எதுவரை சொல்லலாம்?
– வாசகி, சேலம்

கேட்டது நல்லது. கேட்காமல் தொடர்பவர்களால்தான் வார்டில் படுக்கை நிரம்புகிறது.

நோயில்லாதவர்கள், எடை குறைக்க நினைப்பவர்கள், மருந்தில்லாத ஆரம்பக் கட்டச் சர்க்கரைக்காரர்கள் ஆகியோரிடம் சமைப்பது, அளவு, நேரம், தூக்கம், நடை பற்றிப் பேசுங்கள். அதற்கு ஐ.சி.எம்.ஆர்.–என்.ஐ.என். 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2,000 கலோரிக்கு அது சொல்லும் ஒரு நாள் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை மற்றும் விதைகள் 35 கிராம், எண்ணெய் நெய் 27 கிராம். எல்லாம் சமைக்கும் முன் எடை.

மாத்திரை வந்துவிட்டால் கதை மாறுகிறது. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவருக்கு நீங்கள் காலை இட்லியை நிறுத்திச் சாலட் கொடுத்தால், மருந்து அதே அளவில் இருக்க, சர்க்கரை 70-க்குக் கீழே விழும். கூடவே பாகற்காய் ஜூஸும் வெந்தயமும் சேர்த்தால் இன்னும் வேகமாக. அப்படி ஆனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் எடுப்பவருக்கு மாவுச்சத்தை வெகுவாகக் குறைப்பதும் நீண்ட விரதமும், ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸில் கொண்டுபோய் விடலாம். அதன் கொடுமை, குளுக்கோமீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்று வரும். ‘டீடாக்ஸ் ஆகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று குழுவில் யாராவது ஆறுதல் சொல்வார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருக்க வேண்டும். திடீரென்று தினமும் முருங்கைக்கீரைச் சூப் என்று தொடங்கினால் மருந்தின் வேலை குறையும். தைராக்ஸின் மாத்திரைக்கும் காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். மெட்ஃபார்மினில் பல வருடம் இருப்பவர், அதிலும் சைவர், கால் மரத்துப்போகிறது என்றால் பி12 பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

கிரியாட்டினின் கூடியவர்களைக் கையில் எடுக்கவே வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள். டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்குப் புரதம் கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று கட்டுப்படுத்துவார்கள். அதே ஆள் டயாலிசிஸ் தொடங்கியதும் 1.0 முதல் 1.2 கிராம் தேவை, ஏனெனில் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலம் வெளியே போகிறது. ஒரே நோய், நேர் எதிர் ஆலோசனை. பொட்டாசியம் கூடியவருக்கு இளநீர், ‘லோ சோடியம்’ உப்பு இரண்டும் ஆபத்து. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன் எடுப்பவருக்கும் டாக்டரைக் கேட்காமல் அதைச் சொல்லாதீர்கள். பச்சைக் கீரை ஜூஸ் தினமும் இரண்டு டம்ளர் என்பதில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆக்சலேட் குவியும். கேரளத்தில் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கொழுப்புக்கு மருந்தென்று குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

பல நாள் சரியாகச் சாப்பிடாத, எலும்பும் தோலுமான ஒருவர் வந்தால் ‘நன்றாகச் சாப்பிட வையுங்கள்’ என்பதுகூட ஆபத்து. திடீரென்று கலோரி ஏற்றினால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ரத்தத்தில் சரிந்து இதயம் நிற்கலாம். மருத்துவமனையில் இவர்களுக்கு முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, தினமும் ரத்தம் பார்த்து ஏற்றுவார்கள்.

செய்ய வேண்டியது: குழுவில் சேரும் ஒவ்வொருவரிடமும் மருந்துப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே சொன்ன மருந்து எது இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், ஒரு பதிவு பெற்ற டயட்டீஷியனிடம் அனுப்புங்கள். அவரோடு முன்பே பேசி ஏற்பாடு செய்துகொண்டால், அவர் திட்டம் போடுவார், அதைச் சமையலறையில் நடைமுறைப்படுத்த நீங்கள் உதவலாம். இந்தக் கூட்டு நன்றாக நடக்கிறது. மருந்தைக் குறை, நிறுத்து என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள்.

விளம்பரத்திலும் கவனம். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்த அழுத்தம், மாதவிடாய்க் கோளாறு எல்லாம் இருக்கின்றன. ‘எங்கள் பொடி சர்க்கரையைக் குணமாக்கும்’ என்று ஒரு போஸ்டர் போட்டால், நீங்கள் உணவு என்று நினைத்தது மருந்தாகி, வழக்கும் வரும். உடல்நலம் பற்றிப் பேசும் சமூக ஊடகப் பிரபலங்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறையும் விளம்பரத் தரக் கவுன்சிலும் வழிகாட்டுதல் தந்திருக்கின்றன. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’, பின்னால் ‘கிளினிக்கல்’ இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் பயோ படித்தனான். சர்க்கரை வந்த பிறகு ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் டிப்ளோமா பற்றி விசாரித்தேன். அதைப் படித்தால் எங்கட சனத்துக்கு ஆலோசனை சொல்லலாமா?
– வாசகி, டொரொன்டோ

சொல்லலாம், ஆனால் எந்தப் பெயரில், எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. ஒன்டாரியோவில் 1991-ஆம் ஆண்டு டயட்டெட்டிக்ஸ் சட்டப்படி ‘டயட்டீஷியன்’ என்பது காக்கப்பட்ட பட்டம். மாகாணத்தின் டயட்டீஷியன் கல்லூரியில் (இது படிக்கும் இடம் அல்ல, பதிவு அமைப்பு) பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட முடியாது. ‘நியூட்ரிஷனிஸ்ட்’ அங்கே காக்கப்படவில்லை. கியூபெக்கில் அதுவும் காக்கப்பட்டது, ஆகவே மாகாணம் மாறினால் பெயர்ப்பலகையும் மாறும். தனியார் பள்ளிகளின் டிப்ளோமா தரும் ஆர்.ஹெச்.என். (ரெஜிஸ்டர்டு ஹோலிஸ்டிக் நியூட்ரிஷனிஸ்ட்), சி.என்.பி. (சர்டிஃபைடு நியூட்ரிஷனல் பிராக்டிஷனர்) போன்ற எழுத்துகள் அந்தந்தப் பள்ளி சார்ந்த அடையாளங்கள், அரசுப் பதிவு அல்ல. பெயரில் ‘ரெஜிஸ்டர்டு’ என்று வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். நோய் இன்னதென்று கண்டுபிடித்துச் சொல்வது அங்கே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதை நீங்கள் செய்யக் கூடாது.

பணத்திலும் வித்தியாசம் உண்டு. வேலை வழிக் காப்பீடுகளில் டயட்டீஷியனுக்குப் பணம் தரும் திட்டங்கள் நிறைய, ஹோலிஸ்டிக் ஆலோசகருக்குத் தருபவை குறைவு. டயட்டீஷியன் சேவைக்கு விற்பனை வரி விலக்கு இருக்கிறது. உங்கள் சேவைக்கு, ஆண்டு வருமானம் 30,000 டொலரைத் தாண்டியதும் 13 சதவீத ஹெச்.எஸ்.டி. வசூலித்துக் கட்ட வேண்டும்.

டயட்டீஷியன் ஆக நினைத்தால் குவெல்ஃப், டொரொன்டோ மெட்ரோபொலிட்டன் போன்ற பல்கலைக்கழகங்களின் அங்கீகாரம் பெற்ற படிப்பு, பிறகு களப் பயிற்சி, பிறகு தேசியப் பதிவுத் தேர்வு. களப் பயிற்சி இடங்களுக்குப் போட்டி கடுமை. தமிழ் பேசத் தெரிந்தது அங்கே உண்மையான பலம்: புட்டும் சொதியும் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று அங்குள்ள அட்டவணைகள் சொல்லாது, அம்மம்மாவிடம் கேட்டு அளக்கத் தெரிந்தவர் வேண்டும்.

சேர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை வீட்டிலேயே என்ன பழகலாம்?
– வாசகி, நாகர்கோவில்

புத்தகத்தில் தொடங்காதீர்கள், தராசில் தொடங்குங்கள். ஒரு கிராம் துல்லியம் காட்டும் 5 கிலோ டிஜிட்டல் கிச்சன் தராசு, ஒரு 200 மில்லி கிண்ணம், ஒரு நோட்டு போதும்.

முதல் பாடம், பச்சை எடையும் வெந்த எடையும். இந்திய உணவுக் கலவை அட்டவணை (2017, என்.ஐ.என். வெளியீடு, 528 உணவுகள்) தருவது பெரும்பாலும் பச்சைப் பொருளின் மதிப்பு. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். குக்கரில் வெந்ததும் அது 280, 300 கிராம் சோறாகிறது. ஆக 100 கிராம் சோற்றில் 26 முதல் 28 கிராம்தான். சோற்றை எடை போட்டுவிட்டு அரிசியின் எண்ணைப் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. கணக்கு மூன்று மடங்கு எகிறிவிடும். வடித்த சோறு, குக்கர் சோறு, குழைந்த சோறு மூன்றையும் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள், எண் மாறும்.

அடுத்து, அரிசிக்கும் கேழ்வரகுக்கும் ஒப்பீடு. 60 கிராம் அரிசியில் மாவுச்சத்து 47 கிராம், 60 கிராம் கேழ்வரகு மாவில் 40. வித்தியாசம் ஏழு கிராம். கேழ்வரகின் பெருமை 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியமும் நார்ச்சத்தும். அதை நைஸாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். ‘சிறுதானியம் சாப்பிட்டும் சுகர் குறையவில்லை’ என்று வருபவர்களின் தட்டில் பெரும்பாலும் இருப்பது இரண்டு உருண்டைக் களி.

எண்ணெயைத் தட்டில் அளக்க முடியாது, டப்பாவில் அளக்கலாம். புது பாக்கெட் பிரிக்கும் நாளில் தேதி எழுதுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர், நெய்யும் சேர்த்து. உங்கள் வீட்டில் ஐந்து போகிறதா, ஆறா என்று தெரிந்துவிடும்.

பிறகு, 24 மணி நேர உணவு விசாரணை. பக்கத்து வீட்டு அக்கா, மாமா என்று வாரம் இரண்டு பேரிடம் நேற்று சாப்பிட்டதைக் கேளுங்கள். முதலில் குறுக்கே பேசாமல் சொல்ல விடுங்கள். அடுத்து மறந்ததைத் தூண்டுங்கள்: டீ, முறுக்கு, கோயில் பிரசாதம், குழந்தை மிச்சம் வைத்தது, உப்பு பார்க்க வாயில் போட்டது. மூன்றாவதாக நேரம், நான்காவதாக அளவு, கடைசியில் மறுபடி ஒருமுறை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். மூன்று டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் 30 கிராம் சர்க்கரை, 120 கலோரி, முதல் சுற்றில் வருவதே இல்லை. ‘இதையா சாப்பிட்டீங்க?’ என்று புருவத்தை உயர்த்தினால் அடுத்த வாரம் அந்த ஆள் பொய் சொல்வார்.

படிக்க, தமிழக அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல், வேதியியல் பாடநூல்கள் இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. செரிமானம், கழிவு நீக்கம், நாளமில்லாச் சுரப்பி, உயிர்மூலக்கூறுகள் என்ற நான்கு அத்தியாயங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கல்லூரியில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், முதல் பருவத்தில் பலரைத் தடுமாற வைப்பது உயிர்வேதியியலின் கலைச்சொற்களே.

ஊட்டச்சத்து வரலாற்றில் ஆர்வம் இருந்தால் வெகுதூரம் போக வேண்டாம். இன்றைய என்.ஐ.என். 1918-இல் குன்னூரில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வுக்காகச் சின்ன அறையில் தொடங்கியது. அதைத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் அங்கேதான் வேலை செய்தார். 1958-இல்தான் ஹைதராபாத் போனது. தீட்டிய பச்சரிசியில் தயமின் தவிட்டோடு போய்விடும். புழுங்கல் அரிசியில், நெல்லோடு அவிக்கும்போது அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கித் தங்குகிறது. உங்கள் வீட்டில் சம்பா புழுங்கல் வாங்குகிறீர்களானால் அதையும் பச்சரிசியையும் கழுவும் முன், கழுவிய பின் என்று பார்த்து, எத்தனை தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள். அந்தத் தண்ணீரில் தயமினும் கரைந்து போகிறது. இரண்டு தண்ணீருக்கு மேல் வேண்டாம்.